போல்ட் துளைகள் பொருந்தாதபோது: அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழிமுறை

கோயம்புத்தூர்ப் பகுதியில் பெருமளவில் தயாராகும் மோனோபிளாக் பம்புகளில், கேசிங்கும் (நீர் சுழலும் கூடு) அதைத் தாங்கும் அடாப்டரும் சேரும் இணைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் அமைந்திருக்கும். நடுவில் ஒன்றினுள் ஒன்று பொருந்தி இரண்டையும் மையப்படுத்தும் வட்டப் பகுதியான ஸ்பிகாட், அதைச் சுற்றி மட்டமாகக் கடைந்த முகம், அந்த முகத்தில் ஒரு வட்டத்தில் அமைந்த போல்ட் துளைகள். இந்த எளிய இணைப்பில்தான் ‘துளை சேரவில்லை’ என்ற புகார் திரும்பத் திரும்ப எழுகிறது. அப்போதெல்லாம் கைக்கு முதலில் வருவது உருண்டை அரமோ ஒரு சுற்றுப் பெரிய டிரில்லோதான். துளையைப் பெரிதாக்கினால் அந்த ஒரு பம்பு சேர்ந்துவிடும். ஆனால் பிழை எங்கே பிறந்தது என்பதற்கான சான்றும் அதோடு அழிந்துவிடும். ஆகவே எந்தத் துளையையும் தொடுவதற்கு முன்னர், வரைபடம் எந்த முகத்திலிருந்து அளவைத் தொடங்குகிறது, எந்திரம் எந்த முகத்தில் பாகத்தை உட்கார வைக்கிறது, ஆய்வுப் பிரிவு எந்த முகத்திலிருந்து அளக்கிறது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபடும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் அகப்படுகின்றன.

கீழே வரும் கணக்குகளுக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அடாப்டரில் 150 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் சம இடைவெளியில் 6 துளைகள் உள்ளன. ஒவ்வொன்றின் விட்டமும் 9.0 முதல் 9.2 மி.மீ. வரை இருக்கலாம். கேசிங்கில் அவற்றுக்கு நேராக 6 எம்8 (8 மி.மீ. போல்ட்டுக்கான) மரைத்துளைகள் உள்ளன. இரு பாகங்களிலும் கடைந்த முகம் டேட்டம் (அளவு தொடங்கும் ஆதாரம்) ஏ, ஸ்பிகாட் டேட்டம் பி (B). துளைகளுக்கான பொசிஷன் டாலரன்ஸ், அதாவது துளையின் மையம் விலகாமல் நிற்க வேண்டிய வட்டம், இரு பாகங்களிலும் விட்டம் 0.5 மி.மீ.

அறிகுறி: சில போல்ட்கள் ஏறுகின்றன, சில ஏற மறுக்கின்றன

செலவில்லாத காரணங்களை முதலில் விலக்குக. துளை விளிம்பில் பிசிறு, முகத்தில் ஒட்டிய வார்ப்பு மணல், ஸ்பிகாட்டின் மூலையில் படிந்த பெயின்ட் ஆகியவை இருந்தால் அடாப்டர் முழுமையாக உட்காராது. துடைத்துச் சுத்தம் செய்தபின் முகங்களுக்கு இடையே 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) எங்கும் நுழையாததை உறுதி செய்துகொள்க. அடுத்து, முதலில் போட்ட போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றவற்றை ஏற்ற முயன்றார்களா என்று கேட்க வேண்டும். ஆறு போல்ட்களையும் கையால் சில சுற்றுகள் ஏற்றிய பின்னரே எதிரெதிராக இறுக்க வேண்டும். அதன்பின் கோ பிளக் கேஜால் (துளையில் நுழைய வேண்டிய அளவு உருளை) ஒவ்வொரு துளையின் விட்டத்தையும் சோதிக்கவும். தேய்ந்த டிரில் போட்ட சிறிய துளையை நிலைப்பிழை என்று எண்ணிப் பல மணி நேரம் வீணாவது வழக்கமாக நடக்கிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தால், போல்ட்களை எடுத்துவிட்டு ஒவ்வொரு அடாப்டர் துளை வழியாகவும் விளக்கொளியில் மரைத்துளையைப் பார்க்க வேண்டும். இரண்டின் மையங்களும் ஒன்றாக இருந்தால் மரையைச் சுற்றிச் சமமான வளையம் தெரியும். விலகியிருந்தால் ஒரு பக்கம் பிறையாகத் தெரியும். அகன்ற பிறை எந்தத் துளையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வட்டம் வரைந்து குறித்துக்கொள்க. அந்த ஒரு படமே காரணத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும்.

*ஒரே ஒரு துளையில் மட்டும் பிறை தெரிந்தால்*, அந்தத் துளையைப் போடும்போது டிரில் வழுக்கியிருக்கிறது. வார்ப்பின் கடினமான தோல், சரிவான மேற்பரப்பு, சென்டர் டிரில் போடாமல் நேராக நீண்ட டிரில்லை இறக்கியது ஆகியவற்றைப் பார்க்கவும். இதற்கு டேட்டத்தைக் கிளற வேண்டியதில்லை.

*எல்லாத் துளைகளிலும் பிறை ஒரே திசையில் இருந்தால்*, துளைகள் தமக்குள் சரியாகவே இருக்கின்றன; அவற்றின் வட்டம் முழுவதும் ஸ்பிகாட்டை விட்டு விலகியிருக்கிறது. அடிக்கடி காண்பது இதுதான். எந்தப் பாகத்தில் பிழை என்று அறிய அளவுக் கருவி தேவையில்லை. அடாப்டரை ஸ்பிகாட்டிலிருந்து கழற்றி, 180 டிகிரி திருப்பி மீண்டும் உட்கார வைத்துப் பாருங்கள். பிறையின் திசை அடாப்டரோடு சேர்ந்து திரும்பினால் பிழை அடாப்டரில் இருக்கிறது; திசை மாறாமல் கேசிங்கோடு நின்றால் பிழை கேசிங்கில் இருக்கிறது. பிறகு அந்தப் பாகத்தின் டிரில் ஃபிக்ஸரை, அதாவது துளையிடும்போது பாகத்தைப் பிடிக்கும் அமைப்பை, பார்க்க வேண்டும். பாகத்தின் வெளி வார்ப்பு விளிம்பைப் பற்றி மையப்படுத்தும் ஃபிக்ஸராக அது இருந்தால், வரைபடம் ஸ்பிகாட்டை டேட்டமாகச் சொன்னாலும் துளைகள் வார்ப்பைத்தான் பின்பற்றும். வார்ப்பு விலகும் அளவுக்குத் துளைகளும் விலகும். ஸ்பிகாட்டில் நுழையும் மைய முளையும் முகத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளும் கொண்டதாக ஃபிக்ஸரை மாற்றுவதே தீர்வு. எந்திரத்தின் ஆஃப்செட்டை மாற்றி இதைச் சரிசெய்ய முயல வேண்டாம், ஏனெனில் அடுத்த தொகுதி வார்ப்பு வேறு பக்கம் விலகியிருக்கும்.

*பிறைகள் எல்லாம் வட்டத்தின் போக்கில் ஒரே சுற்றுத் திசையில் சாய்ந்திருந்தால்*, பாகம் சற்றுத் திரும்பியிருக்கிறது, அவ்வளவே. கையால் திருப்பினால் சேரும். திருப்ப முடியாதபடி காலோ குழாய் வாயோ தடுத்தால் மட்டுமே அதைப் பிழையாகக் கொள்ள வேண்டும். *பிறைகள் எல்லாம் மையத்தை நோக்கியோ வெளியை நோக்கியோ இருந்தால்*, துளை வட்டத்தின் விட்டமே தவறு. நிரலிலோ ஜிக்கிலோ (டிரில்லுக்கு வழிகாட்டும் சட்டம்) உள்ள எண்ணைப் பார்க்கவும். வட்டமாக இல்லாத நீளமான மூடிகளில் *பிறை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகப்போகப் பெரிதானால்*, வரைபடத்தில் அளவுகள் துளையிலிருந்து துளைக்குச் சங்கிலியாகக் கொடுக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடைவெளிக்கும் ±0.1 என்று ஐந்து இடைவெளிகள் இருந்தால், முதல் துளைக்கும் ஆறாவது துளைக்கும் இடையே ±0.5 வரை விலகல் சட்டப்படியே அனுமதிக்கப்படுகிறது. இதை உழைப்பால் சரிசெய்ய முடியாது. எல்லாத் துளைகளையும் ஒரே டேட்டத்திலிருந்து பொசிஷன் டாலரன்ஸால் கட்டுப்படுத்த வேண்டும்.

கையிலிருக்கும் பாகங்களைக் காப்பாற்ற வேண்டுமானால், அடாப்டர் துளையை 10 மி.மீ. ஆக்குவது பற்றி யோசிக்கலாம். எம்8 போல்ட்டுக்கான இடைவெளித் துளைகளில் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 273 தரும் நடுத்தர வரிசை 9, தாராள வரிசை 10. ஆனால் போல்ட் தலைக்கு அடியில் தாங்கும் பரப்பு குறைவதால், தடித்த வாஷர் சேர்ப்பதா வேண்டாமா என்பதை வடிவமைப்பாளர் எழுத்தில் சொன்ன பின்னரே அதைச் செய்ய வேண்டும். பிழை கேசிங்கின் மரைத்துளையில் இருந்தால் பட்டறையில் தீர்வு தேட வேண்டாம். வார்ப்பிரும்பில் துளையை வெல்டிங்கால் அடைத்து மறுபடி துளையிடுவது விரிசலுக்கு இட்டுச்செல்லக்கூடும். அதைச் செய்யலாமா என்பதை வார்ப்பிரும்பு வெல்டிங்கில் தேர்ந்தவரும் வடிவமைப்பாளரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: இரு பாகங்களும் ஆய்வில் தேறின, ஆனால் சேரவில்லை

இதுவே மிகுந்த சச்சரவை உண்டாக்கும் நிலை, ஏனெனில் இரு தரப்பிடமும் ‘சரி’ என்று முத்திரையிட்ட அறிக்கை இருக்கும். அறிக்கையின் முடிவை விட்டுவிட்டு, அது எப்படி அளக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் கணக்கு. பொசிஷன் டாலரன்ஸ் வட்டத்தின் விட்டமாகக் கொடுக்கப்படுகிறது. ஆகவே இரு திசை விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, அதை இரண்டால் பெருக்க வேண்டும். ஒரு திசையில் 0.20, மற்றதில் 0.15 விலகினால் மையம் 0.25 தள்ளியிருக்கிறது, பொசிஷன் விலகல் 0.50. இரண்டால் பெருக்காமல் 0.25 என்று எழுதினால், 0.3 டாலரன்ஸ் உள்ள வரைபடத்தில் தவறான பாகம் தேறிவிடும். ஹைட் கேஜால் அளந்து கையால் கணக்கிடும் இடங்களில் இதை முதலில் பார்க்கவும். ஒரு நிமிட வேலை.

அடுத்தது மரைத்துளையின் சாய்வு. அடாப்டரின் தடிப்பு 15 மி.மீ., மரையின் ஆழம் 16 மி.மீ. என்று கொள்வோம். மரைத்துளையின் அச்சு விட்டம் 0.5 உருளைக்குள் கோணலாக, அடியில் ஓர் ஓரத்தையும் மேலே எதிர் ஓரத்தையும் தொட்டபடி நின்றாலும் ஆய்வில் தேறும். ஆனால் அந்த மரையில் ஏறிய போல்ட் கேசிங்கை விட்டு வெளியே 15 மி.மீ. நீளும்போது, மேல் முனையில் மையத்திலிருந்து ஏறத்தாழ 0.72 மி.மீ. தள்ளிப்போய்விடும். நமக்கு அனுமதி 0.25 மட்டுமே. எனவே மரைத்துளைக்கான டாலரன்ஸ் கட்டத்தில் வட்டமிட்ட ‘P’ குறியும் (இது டேட்டம் பி அல்ல) 15 என்ற உயரமும் இருக்க வேண்டும். டாலரன்ஸ் உருளை கேசிங்குக்கு வெளியே, போல்ட் நிற்கும் இடத்தில் அமைய வேண்டும் என்பதே அதன் பொருள். சோதிப்பதற்கு, மரையில் ஆட்டமின்றி ஏறும் நேரான கேஜ் முளையைத் திருகி, முகத்தருகே ஒரு முறையும் 15 மி.மீ. உயரத்தில் ஒரு முறையும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் வெவ்வேறாக வந்தால் டேப் கோணலாக இறங்கியிருக்கிறது.

மூன்றாவது, பாகத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் சிஎம்எம் எந்திரத்தில் டேட்டம் எடுத்த வரிசை. வரைபடம் ஏ, பி என்று சொன்னால் முகம் முதலில் பாகத்தின் சாய்வை நிர்ணயிக்க வேண்டும். ஸ்பிகாட் மையத்தை மட்டும் தர வேண்டும். ஸ்பிகாட்டை முதலாகக் கொண்டு நிரல் எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஸ்பிகாட்டின் ஆழம் 5 மி.மீ. மட்டுமே, அதில் 0.01 மி.மீ. பிழை ஏற்பட்டால், 100 மி.மீ. தொலைவில் அது 0.2 மி.மீ. ஆகிவிடும். குட்டையான ஸ்பிகாட்டைச் சாய்வுக்கு ஆதாரமாக்குவதை நான் எந்த வரைபடத்திலும் ஏற்கமாட்டேன்; எந்த முகம் போல்ட் இறுகும்போது பாகத்தை உட்கார வைக்கிறதோ அதுவே முதல் டேட்டமாக இருக்க வேண்டும். கூடவே முகத்தில் எத்தனை இடங்களில் தொட்டார்கள், ஸ்பிகாட்டைச் சுற்றி முழுவதுமாகத் தொட்டார்களா, ஒரு வில்லில் மட்டும் நான்கு புள்ளிகள் எடுத்தார்களா என்றும் கேட்கவும். பாகத்தைச் சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துப் பார்த்தால் முகம் ஆடுகிறதா என்பது உடனே தெரியும். ஆடும் முகத்திலிருந்து எடுத்த அளவு, வைக்கும் ஒவ்வொரு முறையும் மாறும்.

வெப்பநிலையைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டுக் கடக்கலாம். அளவுகள் 20 டிகிரி செல்சியசுக்கு உரியவை. அலுமினியம் மீட்டருக்கு டிகிரிக்கு ஏறத்தாழ 23 மைக்ரோமீட்டர் விரியும்; 400 மி.மீ. நீள அலுமினியப் பாகம் 32 டிகிரி பட்டறையில் இருந்து நேராக அளவறைக்கு வந்தால் 0.11 மி.மீ. வேறுபாடு காட்டும். 150 மி.மீ. வட்டத்தில் உள்ள வார்ப்பிரும்பில் இது பொருட்டல்ல.

கடைசியில் நிற்பது வரைபடத்தின் கணக்கே தவறாக இருப்பது. திருத்தச் செலவு இதில்தான் மிகுதி. போல்ட் இரு பாகங்களிலும் இடைவெளித் துளைகளின் வழியே சென்று நட்டில் முடிந்தால், ஒவ்வொரு பாகத்துக்கும் துளையின் மிகச் சிறிய விட்டத்திலிருந்து போல்ட் விட்டத்தைக் கழித்த அளவு முழுவதையும் கொடுக்கலாம்: 9.0 கழித்தல் 8.0, அதாவது 1.0. ஆனால் போல்ட் ஒரு பாகத்தின் மரையில் நிலைத்துவிட்டால், அதே 1.0 ஐ இரண்டு பாகங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் தலா 1.0 கொடுத்த வரைபடத்தில் பாகங்கள் எல்லாம் தேறும், சில மட்டும் சேரும். பங்கு சமமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மரைத்துளையைத் துல்லியமாகப் போடுவது கடினமாதலால் அதற்கு 0.6, இடைவெளித் துளைக்கு 0.4 என்று பிரிப்பதே நடைமுறைக்கு நல்லது. இந்த முடிவு வடிவமைப்பாளருடையது. அளவீட்டில் உடன்பாடு எட்டப்படாவிட்டால், வரைபடத்தையும் டேட்டம் வரிசையையும் எழுத்தில் கொடுத்து, இரு பாகங்களையும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஒரே ஆய்வகத்தில் அளக்கச் செய்வது, இரு தரப்பும் தனித்தனியே மறுபடி அளப்பதைவிடச் சிக்கனமானது.

அனுப்புமுன் வரைபடத் தலைப்புக் கட்டத்தில் எந்தத் தரநிலை குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்துவிடவும். அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்எம்இ ஒய்14.5 வழியில், ஒரே டேட்டங்களை ஒரே வரிசையிலும் ஒரே குறிகளோடும் சுட்டும் துளைக்கூட்டங்கள் தாமாகவே ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்படும். ஐஎஸ்ஓ வழியில் அப்படிச் சேர்க்க வேண்டுமானால் அதற்குரிய குறியை வரைபடத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியே சோதிக்கப்படும். தரநிலை எழுதப்படாத வரைபடத்தில் இரு ஆய்வாளர்கள் இரு விடைகள் தந்தால் அவர்களைக் குறை கூற முடியாது.

அறிகுறி: ஆய்வு நிராகரிக்கிறது, ஆனால் பாகம் எளிதாகச் சேர்கிறது

டாலரன்ஸ் எண்ணுக்குப் பின்னால் வட்டமிட்ட ‘எம்’ குறி இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால், 0.5 என்பது துளை மிகச் சிறியதாக, 9.0 ஆக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். துளை 9.15 ஆக அமைந்தால் கூடுதலாக 0.15 கிடைத்து, அனுமதி 0.65 ஆகும். பல அறிக்கைகளில் இந்தக் கூடுதல் சேர்க்கப்படாமலேயே பாகம் சிவப்பு வண்ணத்தோடு ஒதுக்கப்படுகிறது. தொகுதி பெரிதானால் ஒரு கேஜ் தட்டு செய்துகொள்வது நல்லது: அடாப்டரின் ஸ்பிகாட்டில் பொருந்தும் மையமும், 150 மி.மீ. வட்டத்தில் 8.5 மி.மீ. விட்டமுள்ள 6 முளைகளும் போதும். 9.0 இலிருந்து 0.5 ஐக் கழித்த அளவு அது. கேஜ் முகத்தோடு முகம் உட்கார்ந்தால் நிலை சரி. துளை விட்டத்தைத் தனியே சோதிக்க வேண்டும்.

குறி இல்லையென்றால் ஆய்வாளர் செய்தது சரியே. பாகத்தை அவரிடம் வாதாடி வாங்க வேண்டாம். போல்ட் நுழைய மட்டுமே உள்ள துளைக்கு எம்எம்சி (வட்டமிட்ட ‘எம்’ தரும் சலுகை) கொடுக்காமல் விட்டது ஏன் என்று வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டும். மையப்படுத்தும் ஸ்பிகாட்டுக்கோ டவல் (பாகங்களின் நிலையைப் பிடிக்கும் உருளை முளை) துளைக்கோ அதே சலுகையைக் கேட்பது தவறு.

அறிகுறி: எல்லா போல்ட்களும் ஏறின, ஆனால் இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) ஒரு பக்கம் உரசுகிறது

இங்கே குற்றவாளி போல்ட் துளை அல்ல. ஸ்பிகாட் செய்ய வேண்டிய வேலையைப் போல்ட்கள் செய்துகொண்டிருக்கின்றன. எம்8 போல்ட்டுக்கும் 9 மி.மீ. துளைக்கும் இடையே 1.0 மி.மீ. ஆட்டம் இருக்கிறது, அவற்றால் எதையும் மையப்படுத்த முடியாது. 120 மி.மீ. ஸ்பிகாட் எச்7/ஜி6 (துளைக்கும் அதில் நுழையும் பகுதிக்கும் உரிய ஐஎஸ்ஓ அளவு வரம்புகள்) பொருத்தத்தில் இருந்தால் இடைவெளி 0.012 முதல் 0.069 மி.மீ. வரைதான் இருக்க வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால், முன்பு ‘துளை சேரவில்லை’ என்ற புகாருக்காக யாரேனும் ஸ்பிகாட்டை அராவித் தளர்த்தியிருக்கிறார்களா என்று விசாரிக்கவும்.

பொருத்தம் சரியாக இருந்தால், ஷாஃப்ட்டில் டயல் இண்டிகேட்டரைக் கட்டி, அடாப்டரின் ஸ்பிகாட்டிலும் முகத்திலும் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்க்கவும். ஸ்பிகாட்டில் ஓட்டம் தெரிந்தால் பேரிங் துளையும் ஸ்பிகாட்டும் ஒரே மையத்தில் இல்லை. முகத்தில் தெரிந்தால் முகம் சாய்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே அமைப்பில், பாகத்தைக் கழற்றாமல் கடையப்பட்டிருந்தால் இந்தப் பிழை வர வாய்ப்பு மிகக் குறைவு. ஏற்கெனவே தவறிய பாகத்தைத் துல்லியமான போரிங் எந்திரம் உள்ள கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். பட்டறை லேத்தில் மூன்று தாடைச் சக்கில் மறுபடி பிடித்துக் கடைந்தால் இன்னொரு மையப்பிழை சேரும்.

அறிகுறி: ஒரு டவல் நுழைகிறது, இரண்டாவது நுழையவில்லை

மேல், கீழ் என்று பிரியும் கேசிங்குகளில் இது சகஜம். 8 மி.மீ. டவலுக்கு m6 அளவு வரம்பு (எம்6 போல்ட் அல்ல) கொடுத்தால் அதன் விட்டம் 8.006 முதல் 8.015 வரை; எச்7 துளை 8.000 முதல் 8.015 வரை. இடைவெளி கிடைத்தாலும் அதிகபட்சம் 0.009 மி.மீ. தான். இரு பாகங்களிலும் இரு துளைகளும் எச்7 ஆக இருந்தால், மையத் தொலைவில் சில மைக்ரோமீட்டர் வேறுபாடே இரண்டாவது டவலைத் தடுத்துவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் ஒரு பாகம் இழுபட்டு, பேரிங் மையம் நகரும். ஒரு பாகத்தில் டவல் இறுக்கமாகவும் மற்றதில் நகரும் பொருத்தத்திலும் இருக்க வேண்டும். நகரும் பக்கத்தில் இரண்டு துளைகளில் ஒன்று வட்டமாகவும், மற்றது இரு டவல்களையும் சேர்க்கும் கோட்டின் போக்கில் நீண்ட ஸ்லாட்டாகவும் இருந்தால் நிலை கெடாமல் தொலைவுப் பிழை மட்டும் விழுங்கப்படும். வரைபடத்தில் அந்த ஸ்லாட்டையே திருப்பத்தைத் தடுக்கும் கடைசி டேட்டமாகக் கொள்ளலாம். இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாக ரீமர் ஓட்டுவதும் நல்ல வழியே, ஆனால் அந்த ஜோடி இனிமேல் பிரியக்கூடாது. இரண்டிலும் ஒரே எண்ணை அச்சிட்டுவிட வேண்டும்.

அறிகுறி: முதல் பாகம் சரி, பிறகு மெல்ல மெல்ல விலகுகிறது

ஃபிக்ஸரின் தாங்கு பட்டைகளில் சில்லு தங்குகிறதா, பாகத்தைப் பிடிக்கும் கிளாம்ப் முகத்தை வளைக்கிறதா என்பதைப் பார்த்த பின்னர், மைய முளையை மைக்ரோமீட்டரால் அளக்கவும். வார்ப்பிரும்புத் தூள் கடினமாக்காத முளையை விரைவில் தின்றுவிடும். தேய்ந்த அளவில் பாதி துளை வட்டத்தின் மையத்தை எந்தப் பக்கமும் தள்ளக்கூடும், ஆகவே பிறைகளின் திசை பாகத்துக்குப் பாகம் மாறும். திசை மாறாமல் விலகல் மட்டும் வளர்ந்தால், முளையை விட்டுவிட்டு எந்திரம் சூடேறுவதைப் பார்க்கவும்: காலையில் ஒரு பாகம், ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டிய பின் ஒரு பாகம் என்று எடுத்து ஒரே சிஎம்எம்மில் ஒப்பிடவும். ஜிக் புஷ் (டிரில்லை நேராக நடத்தும் வளையம்) வழியே டிரில் போடும் இடத்தில் புதிய டிரில்லைப் புஷ்ஷில் நிறுத்தி டயல் வைத்து அசைத்துப் பார்ப்பதே போதுமான சோதனை. முளையும் புஷ்ஷும் புதியவை, எந்திரமும் சூடேறி நிலைபெற்றுவிட்டது, அதற்குப் பிறகும் விலகல் தொடர்ந்தால், எந்திரத்தின் ஸ்லைடுகளையும் பால் ஸ்க்ரூவையும் லேசர் கருவியால் சோதிக்கும் சேவைப் பொறியாளரை அழைக்க வேண்டும்.